குளிசையை நிப்பாட்ட முதல்

எங்கட இரணைமடுப் பக்கம் தைரொயிட் குளிசைக்கு ஒரு கெட்ட பேர் உண்டு. முடி கொட்டினால் அதுதான், நித்திரை வராட்டில் அதுதான், நெஞ்சு படபடத்தால் அதுவேதான்.

போன மாசியில் சித்திக்கும் இதே கதை. நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வேர்வை. "அந்தக் குளிசை ஆளை உருக்கிப்போடும், நிப்பாட்டு" எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. அருவிவெட்டு நேரம், கிளினிக்குக்குப் போக நாளும் கிடைக்கேல்லை. சித்தி நிப்பாட்டிப்போட்டா. ரெண்டு மூண்டு கிழமையில் படபடப்பு குறைஞ்சுது. "பாத்தியே, குளிசைதான்" எண்டா.

அவ சொன்னதில் பாதி சரி. கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி தானே சுரக்கவேண்டிய ஹோர்மோனைத்தான் தைரொக்சின் குளிசையாகத் தருகினம். அளவு கூடினால் உடம்பு வேகமெடுக்கும்: படபடப்பு, நடுக்கம், நித்திரையின்மை, வயிற்றோட்டம், மெலிவு. கனகாலம் கூடின அளவிலேயே எடுத்தால் வயதுபோன ஆக்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு கெடலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். சித்தியின்ர படபடப்பு பொய்யில்லை. அளவைச் சரிபார்க்கச் சொல்லித்தான் உடம்பு கேட்டது.

சிக்கல் என்னெண்டா, இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 7 நாள் எடுக்கும். அதால நிப்பாட்டின உடன குறை ஒண்டும் தெரியாது, சுகமாகக்கூட இருக்கும். வைகாசி பிறக்கேக்க சித்திக்கு முகம் ஊதிச்சு, குரல் தடிச்சுது. அந்த வெயிலுக்கையும் குளிருது எண்டா. வாய்க்கால் வரம்பில் நடக்கவே ஏலாமல் போச்சு. கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய் ரத்தம் சோதிச்சு, முந்தினதைவிடக் குறைஞ்ச அளவில் திரும்பத் தொடங்கினவை. 6 கிழமைக்குப் பிறகு மறுபடி ரி.எஸ்.எச். சோதனை. இப்ப படபடப்பும் இல்லை, குளிரும் இல்லை.

உங்கட வீட்டிலயும் ஆரும் எடுக்கினம் எண்டால்: விடிய வெறும் வயிற்றில், தண்ணியோட. தேத்தண்ணி அரை மணித்தியாலமாவது பொறுக்கட்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு 4 மணித்தியாலம் இடைவெளி வேணும், இல்லாட்டில் மருந்து சரியா உடம்பில் சேராது. பிள்ளை வயிற்றில் இருக்கேக்க தேவை பெரும்பாலும் கூடும். அப்ப நிப்பாட்டவே கூடாது.

படபடத்தால் கிளினிக் கொப்பியோட ஆளைக் கூட்டிப்போங்கோ. நெஞ்சு நோவு, மூச்சு முட்டு எண்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டாம், உடன ஆஸ்பத்திரிக்கு.