எப்போது மறுபடி தொடங்குவது?

ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே ஹார்மோன் மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள், எப்போது மறுபடி தொடங்குவது என்று சொல்லவில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் வாழும் என் பழைய மாணவி, ஒரு திருநங்கை, அறுவை முடிந்த ஆறாம் வாரத்தில் கேட்டாள்: "ராத்திரியெல்லாம் உடம்பு எரியுது மேடம். இந்தக் குளிர்ல எனக்கு மட்டும் வேர்க்குது. கேட்டா, பொறுத்துக்கோன்றாங்க."

பொறுத்துக்கொள் என்பது பெண்கள் எல்லோருக்கும் பழகிய மருந்துச்சீட்டு. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வரும் வெக்கையும் இருபத்தாறில் அவளுக்கு வருவதும் ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருவது. எனக்கு அது வருடக்கணக்கில் மெல்லக் குறைகிறது. அவளுக்குச் சட்டென்று நின்றுவிட்டது. விரைகளும் அகற்றப்பட்டபின் அவள் உடம்பில் ஆண் ஹார்மோனும் போதிய அளவில் இல்லை, பெண் ஹார்மோனும் இல்லை. இது நீண்டால் தூக்கம் கெடும், மனம் சோரும், எலும்பு வலுவிழக்கும்.

நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டலாம். அறுவைக்குப்பின் அசையாமல் படுத்திருக்கையில் காலில் உறையும் ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியாலில் இந்த ஆபத்து அதிகம். தோல்வழி செல்லும் ஜெல்லில் குறைவு. ஆனால் 2021இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மருந்தைத் தொடர்ந்த திருநங்கையருக்கு, நிறுத்தியவர்களைவிட ரத்த உறைவு கூடவில்லை. ஆகவே எல்லோரும் நிறுத்தத்தான் வேண்டுமா என்பதே இன்று கேள்வி. வயது, புகைப்பழக்கம், முன்பு ரத்தம் உறைந்திருக்கிறதா, எந்த வகை மருந்து என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியது அது.

அவளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் எடுத்த மருந்து எந்த வகை? ஏன் நிறுத்துகிறேன், எத்தனை நாள்? எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும்? நடமாடத் தொடங்கியபின் எந்தத் தேதியில், எந்த அளவில் தொடங்குவது? ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை இனியும் தேவையா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'தேவையில்லை' என்பதே பதில். அதையும் யாரோ சொன்னால்தானே தெரியும். தாளோடு மலையிறங்கிப் போளூர் போய் பஸ் மாறி வேறொரு மருத்துவரைப் பார்த்தாள். அவர் ரத்தப் பரிசோதனை செய்து மருந்தைத் தொடங்கிவைத்தார்.

பேடு என்ற சொல்லுக்குத் தனி விகுதி இல்லை, உயர்திணை வினையையே கொள்ளும் என்று தொல்காப்பியம் இலக்கணம் சொல்கிறது. வகுப்பில் இதை நடத்தும்போது முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் அவள். உயர்திணை என்றால் பதில் பெறும் உரிமையும் அதில் அடக்கம் என்றே நான் பொருள் கொள்கிறேன்.

2008இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை இலவசமாகவே நடக்கிறது. இனி வேண்டியது, டிஸ்சார்ஜ் சீட்டில், தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழே, மருந்தை மறுபடி தொடங்கும் தேதி.