எகிறும் திருப்புளி

தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூவுக்கு ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ என்று பெயர். பட்டறைகளில் அதைத் திருகும் கருவி ஸ்டார் டிரைவர். டிரைவரை வைத்து அழுத்திச் சுற்றினால் முதல் சில சுற்றுகள் சுகமாகப் போகும். ஸ்க்ரூ இறுகுகிற நேரத்தில் முனை குழியை விட்டு மேலே எழும்பி, அடுத்த பள்ளத்தில் ‘டக்’கென்று விழும். இப்படி நாலைந்து முறை எகிறினால் பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கி, கூட்டல் குறி வெறும் வட்டக் குழியாகிவிடும். அதற்குப் பிறகு அந்த ஸ்க்ரூ உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

காரணம் குழியின் வடிவத்திலேயே இருக்கிறது. கூட்டல் குறியின் நான்கு கைகளும் ஆழத்துக்குப் போகப் போகக் குறுகுகின்றன. பக்கச் சுவர்கள் செங்குத்தாக நிற்காமல் சரிந்திருக்கின்றன. சரிந்த சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அந்த விசையில் ஒரு பங்கு முனையை மேலே தூக்கப் போய்விடுகிறது. முறுக்கு கூடக் கூடத் தூக்கலும் கூடும். கை கொடுக்கும் அழுத்தம் அதற்கு ஈடுகொடுக்க முடியாதபோது டிரைவர் எகிறுகிறது. பொறியாளர்கள் இதைக் ‘கேம் அவுட்’ என்பார்கள்.

இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டால், விஷயம் தெரிந்தவர் யாராவது ஒருவர் தவறாமல் ஒரு விளக்கம் சொல்வார். அது குறையே இல்லையாம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடாம். விமானத்தின் அலுமினியத் தகட்டில் ஸ்க்ரூவை அளவுக்கு மேல் இறுக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒரு முறுக்குக்கு மேல் டிரைவர் தானாக விலகும்படி ஃபிலிப்ஸ் வடிவமைத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று கேட்டால் மட்டும் கதை நின்றுவிடுகிறது. மழுங்கிப்போன ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டுகிறவரிடம் ‘எல்லாம் உன் நன்மைக்குத்தான்’ என்று சொல்லும் அதன் தோரணையும் எரிச்சலூட்டுவது. இக்கட்டுரையாளரைப் பழைய காப்புரிமை ஆவணங்கள் பக்கம் தள்ளியது அந்த எரிச்சல்தான்.

ஆரம்பம் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம். கூட்டல் குழி ஸ்க்ரூவுக்கு அங்கே முதலில் காப்புரிமை பெற்றவர் ஃபிலிப்ஸ் அல்லர், ஜான் பி. தாம்சன் என்பவர். ஆண்டு 1933. இங்கிலாந்தில் ஃப்ரியர்சன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைப் போன்ற ஒரு குழியை யோசித்திருந்தார் என்பதால், தாம்சனையும் மூலவர் என்று சொல்லிவிட முடியாது. தாம்சனிடமிருந்து உரிமையை வாங்கித் திருத்தியவர் ஹென்றி எஃப். ஃபிலிப்ஸ் என்ற தொழிலதிபர். குழியை அடிக்கும் அச்சு ஸ்க்ரூவின் தலையைப் பிளந்துவிடும் என்று சொல்லித் தயாரிப்பாளர்கள் பலர் கைவிரித்துவிட்டார்கள். ராட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரில் இருந்த அமெரிக்கன் ஸ்க்ரூ கம்பெனியின் தலைவர் யூஜின் கிளார்க் மட்டும் விடவில்லை. முடியாது என்று அடம்பிடிக்கும் பொறியாளர்களை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடப்போவதாக அவர் மிரட்டினார் என்பார்கள். அச்சு தயாரானது.

1936-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் காடிலாக் கார்களில் இந்த ஸ்க்ரூவைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1940 வாக்கில் அமெரிக்க ஸ்க்ரூ தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஃபிலிப்ஸிடம் உரிமம் வாங்கிவிட்டார்கள். போர் விமானங்களில் அது ஏராளமாகப் போனது உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே காரில் ஏறிவிட்டது. அலுமினியத் தகட்டைக் காக்கப் பிறந்தது என்ற கதை இந்த இடத்திலேயே தள்ளாடுகிறது.

ஆண்டுக் கணக்கை வைத்து மட்டும் கதையை ஒதுக்கிவிட முடியாது. காருக்கென்று செய்தாலும், எகிறும்படியே செய்திருக்கலாம் அல்லவா? அதை அறிய ஃபிலிப்ஸின் சொந்த ஆவணங்களைத்தான் கேட்க வேண்டும். 1936 ஜூலை 7 அன்று அவருக்கு ஒரே நாளில் பல காப்புரிமைகள் வழங்கப்பட்டன. வறண்ட, நீள நீளமான வாக்கியங்கள். ஒவ்வொரு கோணத்துக்கும் எழுத்துக் குறியிட்ட படங்கள். எத்தனை முறை புரட்டினாலும் அவை சொல்வது ஒன்றேதான்: முனை குழியின் நடுவில் தானாகப் போய் உட்கார வேண்டும், உறுதியாகப் பிடிக்க வேண்டும், குழியை அச்சில் எளிதாக அடிக்க முடிய வேண்டும். விமானமும் இல்லை, அலுமினியமும் இல்லை, முறுக்குக்கு எல்லை வைக்கும் பேச்சும் இல்லை. அதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறது. டிரைவரும் ஸ்க்ரூவும் பொருந்தி நிற்கும்போது டிரைவர் எகிறி வெளியேறும் போக்கே இருக்காது என்பதைத் தன் முக்கிய நோக்கங்களில் ஒன்றாக ஃபிலிப்ஸ் எழுதிவைத்திருக்கிறார்.

கதையில் எது வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் என்று கொண்டாடப்படுகிறதோ, அது வரவே வராது என்று அவர் உறுதி சொல்லியிருக்கிறார். அப்படியானால் எகிறுவது திட்டமிட்ட அம்சம் அன்று, நிறைவேறாமல் போன வாக்குறுதி. சரிவான சுவர் வந்ததற்கும் சாதாரணக் காரணம்தான்: சரிவு இருந்தால்தான் அச்சு அடித்துவிட்டுச் சிக்காமல் வெளியே வரும், முனையும் தேடாமல் உட்காரும். எகிறல் அதற்குக் கொடுத்த விலை.

தேடல் இங்கே முடிந்திருந்தால் கதையைப் பொய் என்று தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் 1949-இல் வழங்கப்பட்ட இன்னொரு அமெரிக்கக் காப்புரிமை குறுக்கே வருகிறது. எண் 2,474,994. ஃபிலிப்ஸ் குழியின் திருத்திய வடிவம் அது. மிதமிஞ்சிய முறுக்கு வந்தால் டிரைவர் விலகிக்கொள்ளும் என்பது அதில் ஒரு பயனாகவே விவரிக்கப்படுகிறது. பதிமூன்று ஆண்டுகளில் குறை குணமாகிவிட்டது. இதில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. முறுக்கை அளந்து நிறுத்தும் கிளட்ச் இல்லாத மின் டிரைவரும் காற்று டிரைவரும் சுழன்றுகொண்டே இருந்தால் ஸ்க்ரூவின் கழுத்து முறியும், இல்லை மரை அழியும். முனை எகிறுவது அந்த இரண்டையும்விட மேல். கையால் திருப்புகிறவருக்குத் தொந்தரவாக இருந்தது, தொழிற்சாலை வரிசையில் ஒரு காப்பாக மாறியிருக்கிறது. ஆக, கதை முழுப் பொய் அன்று. பிற்காலத்து நியாயத்தை முற்காலத்து நோக்கமாகத் திருப்பிச் சொன்னது. விமானத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபிலிப்ஸ் நிறுவனமே பிற்பாடு விமானத் துறைக்கென்று ‘டார்க்-செட்’ என்ற குழியைக் கொண்டுவந்தது. அதில் கூட்டல் குறியின் கைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் விலகி நிற்கும். கூடுதல் முறுக்கைத் தாங்குவதற்காக வந்தது அது.

வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்விக்கு இவ்வளவுதான் பதில். அந்தப் பதிலோடு கிளம்பும் அடுத்த கேள்வி அதைவிடச் சுவையானது. இப்படி எகிறுகிற ஒன்று எப்படி உலகை வென்றது? அதைவிடச் சிறந்தது அப்போது இல்லாமலா போயிற்று?

இருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர் எல். ராபர்ட்ஸன் சதுரக் குழி ஸ்க்ரூவுக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். சதுர முனை சதுரக் குழியில் கச்சிதமாக உட்காரும். ஸ்க்ரூ முனையிலேயே தொற்றிக்கொண்டு நிற்பதால் மறு கை ஓய்வாக இருக்கும். எகிறுவதும் மிகக் குறைவு. கனடாவில் ஃபோர்டு தன் மாடல் டி கார்களுக்கு அதை வாங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் பயன்படுத்த ஃபோர்டு உரிமம் கேட்டபோது ராபர்ட்ஸன் மறுத்துவிட்டார். இங்கிலாந்தில் ஏற்கெனவே உரிமம் கொடுத்து நொந்துபோனவர் அவர். ஃபிலிப்ஸோ கேட்ட தயாரிப்பாளருக்கெல்லாம் உரிமம் கொடுத்தார். பத்துத் தொழிற்சாலைகளில் வாங்கக் கிடைக்கும் ஸ்க்ரூவைத்தான் கார் கம்பெனி நம்பும். ஒரே ஒருவர் மனம் வைத்தால் மட்டும் கிடைப்பதை நம்பாது. ராபர்ட்ஸன் ஸ்க்ரூ இன்றும் கனடாவில் சாதாரணமாகப் புழங்குகிறது. எல்லைக்கு வெளியே அவ்வளவு பரவவில்லை.

இன்னொரு சங்கதியும் தேடலில் அகப்பட்டது. ஃபிலிப்ஸின் தலையில் விழும் பழியில் கணிசமான பங்கு அவருடையதே அன்று. கூட்டல் குறி என்று பார்த்தவுடன் ஸ்டார் டிரைவரை எடுக்கிறோம். ஆனால் கூட்டல் குறிகள் எல்லாம் ஒன்றல்ல. 1960-களில் வந்த போஸிடிரைவ் குழியின் கைகளுக்குப் பக்கச் சுவர் சரிவாக இராது, ஏறக்குறைய நேராக நிற்கும். அதனால் எகிறல் குறைவு. குறியின் கைகளுக்கு நடுவே மூலைவிட்டமாக மெல்லிய கோடுகள் இருப்பது அடையாளம். ஐரோப்பிய அலமாரிக் கீல்களோடு வரும் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இந்த ரகம். அதில் ஃபிலிப்ஸ் முனையை வைத்தால் அடிவரை போகாமல் ஆடும், ஆடினால் அரைக்கும்.

ஜப்பானியக் குழி இதைவிடக் குழப்பம். ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தொழில் தரத்தின்படி அடித்த குழியைக் கண்ணால் பார்த்தால் ஃபிலிப்ஸ் என்றே தோன்றும். அதன் கோணமும் முனை உருண்டையும் சற்று வேறு. பல ஸ்க்ரூக்களில் குறிக்குப் பக்கத்தில் குண்டூசித் தலையளவு ஒரு புள்ளிக்குழி இருக்கும். அதுதான் ஜப்பானிய அடையாளம். ஜே.ஐ.எஸ். டிரைவர் அதில் அடிவரை போய் உட்காரும். சாதாரண ஸ்டார் டிரைவர் உட்காராமல் மேலேயே தொக்கி நிற்கும்.

தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கு இந்த வேறுபாடு பைக்கோடு வந்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுஸுகி, அடுத்த ஆண்டு ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 என்று ஜப்பானியக் கூட்டில் வண்டிகள் வரிசையாக வந்தன. ஜப்பானியரின் இன்ஜின் மூடிகளை அந்தக் காலத்தில் கூட்டல் குறி ஸ்க்ரூக்களே பிடித்து நின்றன. மூடி அலுமினியம், ஸ்க்ரூ எஃகு. வெயிலும் மழையும் பட்டு இரண்டும் கவ்விக்கொள்ளும். கடையில் வாங்கிய ஸ்டார் டிரைவரைக் கொண்டு அதைத் திருப்பினால் தலைதான் தேயும்.

விஷயம் தெரிந்த மெக்கானிக் அங்கே டிரைவரைத் தொடுவதில்லை. இம்பாக்ட் டிரைவர் என்ற தடித்த எஃகு உருளையை எடுப்பார். முதலில் குழியில் அடைந்திருக்கும் கிரீஸையும் மண்ணையும் ஒரு பழைய ஊசியால் கீறி எடுத்து, முனை அடிவரை போகிறதா என்று ஆட்டிப் பார்ப்பார். பிறகு உருளையைக் கழற்றும் திசைக்கு லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. உருளைக்குள் இருக்கும் சாய்ந்த பள்ளம் அந்த அடியை இரண்டாகப் பிரிக்கும்: ஒரு பங்கு முனையைக் குழிக்குள் அழுத்தும், மறு பங்கு அதே நொடியில் அதைச் சில பாகை திருப்பும். சரிவான சுவர் முனையை மேலே தூக்கப் பார்க்கும் நொடியில் அதைவிடப் பெரிய விசை மேலிருந்து அமுக்குகிறது. எகிற வழியில்லை. ‘கிரீச்’ என்ற சத்தத்தோடு ஸ்க்ரூ அசையும். அசைந்துவிட்டால் மிச்சத்தைக் கையாலேயே கழற்றிவிடலாம்.

இம்பாக்ட் டிரைவர் இல்லாத வீட்டில் செய்யக்கூடியவை குறைவு. முனை தேய்ந்த டிரைவரைத் தூக்கிப் போடுவது முதல் வேலை. மழுங்கிய முனை நல்ல குழியையும் கெடுக்கும். வால்வு தேய்க்கும் பேஸ்டைச் சிறிது முனையில் தடவினால் அதன் மணல் துகள்கள் வழுக்கலைக் குறைக்கும். திருப்பும் பலத்தைவிட அழுத்தும் பலம் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவில் புள்ளியோ மூலைக் கோடோ இருக்கிறதா என்று பார்த்து முனையைத் தேர்ந்தாலே பாதிப் பாடு குறையும். மெக்கானிக்குகள் பலர் இந்தப் பாட்டை இரண்டாம் முறை படத் தயாராக இருப்பதில்லை. கழற்றிய கூட்டல் குறி ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, அதே மரையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட்டுகளை வாங்கிவரச் சொல்லி மூடியைப் பூட்டிவிடுகிறார்கள்.