காஞ்சிக்குப் போன டிராம்வே
(பழைய பாதைகள் – 3)

டிராம் என்றதும் நம்மவர்கள் சொல்வது மெட்ராஸைத்தான். சரியான பதில். 1895 மே 7-ஆம் தேதி அங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அதுதான் முதல் மின்சார டிராம். கல்கத்தாவுக்கு 1902-இலும் பம்பாய்க்கு 1907-இலும்தான் அது வந்தது. ஆனால் மெட்ராஸுக்கும் முப்பது வருஷம் முன்பே, 1865-இல், எங்கள் நெமிலிக்குப் பக்கத்தில் இருக்கும் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஒரு கம்பெனி பாதை போட்டு வண்டி விட்டது. கம்பெனியின் பெயரே இந்தியன் டிராம்வே கம்பெனி. இந்த வாரம் அந்தப் பாதையில் போய் வந்த கதை.

போன வாரங்களில் ராயபுரம் – வாலாஜா ரோடு பாதையைப் பார்த்தோம். 1856-இல் திறந்த அந்தப் பாதைதான் தென்னிந்தியாவில் பயணிகள் ரயில் ஓடிய முதல் பாதை. ஐந்தடி ஆறங்குல அகலம், கனத்த தண்டவாளம், பெரிய எஞ்சின், அதற்கேற்ற செலவு. அது அரக்கோணம் வழியாகப் போனதே தவிர, காஞ்சிபுரம் ஒதுங்கி நின்றுவிட்டது. கோயிலும் தறியும் நிறைந்த அவ்வளவு பெரிய ஊருக்கு ஒரு கிளை வேண்டும். பிரதான பாதைக்கு ஆகும் செலவைக் கிளைக்கும் செய்ய முடியாது. சிறிய அகலத்தில், எடை குறைந்த தண்டவாளத்தில், சிக்கனமான கிளைப் பாதைகள் போடலாம் என்று கிளம்பியதுதான் 1862-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி. அன்றைக்கு இப்படிப்பட்ட சிக்கனப் பாதையை டிராம்வே என்றார்கள். அரக்கோணத்திலிருந்து காஞ்சி வரை 19 மைல். அகலம் மூன்றடி ஆறங்குலம், அதாவது 1067 மி.மீ.

அந்த அகலத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நார்வேயில் கார்ல் பில் என்ற பொறியாளர் அதே அகலத்தில் 1862-இல் பாதை திறந்தார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1865-இல் திறந்தார்கள். அதே 1865-இல்தான் நம் அரக்கோணமும். ஜப்பானுக்கு 1872-இல்தான் ரயில் வந்தது. அங்கே புல்லட் ரயிலை விட்டுவிட்டால் பெரும்பாலான ரயில்கள் இன்றும் ஓடுவது இந்த 1067 மி.மீ. அகலத்தில்தான். தென்னாப்பிரிக்காவிலும் இதே அகலம். உலகத்தில் இந்த அகலத்தை முதலில் நம்பியவர்களின் வரிசையில் தக்கோலத்து வயல்வெளிக்கும் இடம் உண்டு. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

நெமிலியில் பஸ் ஏறி, அரக்கோணத்தில் இறங்கி, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் வண்டியில் உட்கார்ந்தேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் விலகியதும் இரண்டு பக்கமும் நெல், நடுநடுவே செங்கல் சூளை. தக்கோலம் வந்தது. 949-இல் சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே உயிர்விட்ட போர்க்களம் இந்த ஊர். அடுத்து திருமால்பூர். சென்னையிலிருந்து வரும் மின்சார வண்டிகளில் சில இதோடு நின்றுவிடும்.

எதிரே காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர். எண்பதைத் தாண்டியிருப்பார். தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்திருந்தது. நான் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்ததும், சாப்பிடப் போகிறேன் என்று நினைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளே இருந்தது சாப்பாடு இல்லை, ஒரு பலகை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கட்டிங் செக்‌ஷனில் வெட்டிக் கழித்த இன்சோல் போர்டுத் துண்டுகள் மூலையில் கிடக்கும். கேட்டு வாங்கி வந்து வீட்டு மாடியில் அரக்கோணம் – காஞ்சிபுரம் டிராம்வேயை மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். மாடல் ரயில் செய்கிறவர்கள் எந்த நாட்டிலும் சுலபமாக வாங்கக்கூடியது 16.5 மி.மீ. பாதை. 64-இல் ஒரு பங்கு என்று அளவு எடுத்துக்கொண்டால் 1067 மி.மீ. பாதை 16.67 ஆகிறது. கடையில் கிடைக்கும் பாதை அப்படியே பொருந்திவிடும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க ஆர்வலர்கள் வெகு காலமாக இந்த அளவில்தான் செய்கிறார்கள். நம் பாதைக்கும் அவர்கள் கணக்கே கைகொடுக்கிறது. 19 மைலையும் முழுசாகச் செய்தால் மாடலே அரை கிலோமீட்டர் நீளும். அதனால் அரக்கோணம் முனையையும் காஞ்சி முனையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எடை குறைந்த பாதை என்பது பார்த்த உடனே தெரிய வேண்டும். வழக்கமான மாடல் தண்டவாளம் 2.5 மி.மீ. உயரம், அது இதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். 1.8 மி.மீ. தண்டவாளம்தான் கண்ணுக்குச் சரி. இன்சோல் போர்டு 1.75 மி.மீ. கனத்தில் வருகிறது. ரோடு பாதையைக் கடக்கும் இடத்தில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஒரு போர்டை ஒட்டினால் போதும், ரோடும் தண்டவாளமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். உள்பக்கம் மட்டும் சக்கரத்தின் விளிம்பு போவதற்கு நூல் பிடித்த மாதிரி ஓர் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியைத் தோல் சீவும் கத்தியால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். கை நின்று நின்று போனால் ஓரம் பிசிறும், வண்டி அங்கே வந்து தலையாட்டும். சரக்கு வண்டிகளின் மேல் தார்ப்பாய்க்கு, ஷூவுக்குள் வைக்கும் ஆட்டுத்தோல் லைனிங்கைக் காகிதம் போல் சீவிப் போட்டிருக்கிறேன். ஈரத்தில் நனைத்து மூட்டைகளின் மேல் அழுத்திக் காயவிட்டால் உண்மையான தார்ப்பாய் படிகிற மாதிரியே படியும்.

டிபன் பாக்ஸில் இருந்தது உள்ளங்கை அகலப் பலகை. அதில் மூன்று பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருந்தேன்: 1865-இன் டிராம்வே, அதற்குப் பின் வந்த மீட்டர் கேஜ், இன்றைய அகலப்பாதை. அரக்கோணம் – காஞ்சி தடம் இதுவரை பார்த்த அகலங்கள் இந்த மூன்றுதான்.

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். “என்ன தம்பி அது?”

சொன்னேன். பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“மீட்டர் கேஜ்ல நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருந்துச்சா?”

“ஆமாங்க ஐயா. பதிமூணு வருஷம் இருந்துச்சு.”

கட்டை விரல் நகத்தை முதல் பாதையின் மேல் வைத்தார். அடுத்த பாதையின் மேல் வைத்தார். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும் இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். அவர் நகத்தை இன்னொரு தரம் ஓட்டி, “இது ஒரு இழை அகலம் ஜாஸ்தி” என்றார். பட்டு இழையை எண்ணிப் பழகிய விரல் அது.

அந்த ஓர் இழைதான் டிராம்வேயின் தலையெழுத்தை முடித்தது. 1870-இல் மேயோ பிரபுவின் அரசாங்கம் சிறு பாதைகளுக்கு மீட்டர் அகலம் என்று தீர்மானித்தது. இந்தியன் டிராம்வே கம்பெனி கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறி, 1874-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேயோடு சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. 1878-இல் காஞ்சிப் பாதையும் மீட்டர் கேஜ் ஆயிற்று. 67 மி.மீ. குறைப்பதற்காகப் பாதை முழுவதையும் மாற்றினார்கள். ஒரே அகலம் இருந்தால்தான் பெட்டிகள் ஊர் விட்டு ஊர் போக முடியும் என்ற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும் அந்தப் பதிமூன்று வருஷம் யார் நினைவிலும் இல்லாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

பெரியவர் பலகையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. “சின்னப் பையனா இருக்கறப்ப அப்பாவோட புடவ மூட்டையத் தூக்கிக்கிட்டு மெட்ராஸ் போவேன். டிராம்ல மயிலாப்பூர் வரைக்கும் போயிருக்கோம். டிரைவர் கால்ல மணிய மிதிச்சிக்கிட்டே வருவான். நான் அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே வந்தேன். மெட்ராஸ் டிராம் 1953 ஏப்ரலில் நின்றுவிட்டது. தொடக்கத்தில் அதற்கு மின்சாரம் வந்தது ரோட்டுக்கு அடியில் பதித்த குழாய்ப் பாதை வழியாக. மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து படுத்தியதால் பிறகு தலைக்கு மேலே கம்பி கட்டினார்கள். 1921-இல் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. அதில் ஏறி இறங்கி, டிரைவரின் கால் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கு எண்பது வயதுக்காரர்கள். மாடல் செய்கிறவனுக்குப் படத்தைவிட இவர்கள் பேச்சுதான் தேவை. மணியின் மிதிகட்டை தரையில் எங்கே இருந்தது என்பது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. கல்கத்தாவில் மிச்சமிருக்கும் வண்டிகளிலாவது ஏறிப் பார்த்து அளவெடுக்கலாம். மெட்ராஸுக்கு மனிதர்களின் நினைவுதான் உண்டு.

காஞ்சிபுரம் வந்ததும் அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டேன். பலகையைக் கொடுத்துவிட்டு, “வண்டியில பட்டு மூட்டையும் ஏத்து தம்பி, வெறும் தார்ப்பாயப் போட்டு மூடி வெக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார். கழிவுப் பட்டு நூல் கிடைத்தால் சின்னச் சின்ன மூட்டைகளாகக் கட்டிவிடலாம். 64-இல் ஒரு பங்கில் ஒரு மூட்டை மிளகு அளவுதான் வரும்.

மாடல் முடிந்ததும் காஞ்சிபுரம் ஸ்டேஷனில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இடம் கேட்கப் போகிறேன். பக்கத்தில் ஒரு பலகை, அதில் 1865 என்ற எண் பெரிதாக இருக்க வேண்டும். கருட சேவைக்கு வந்து இறங்குகிற கூட்டம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த வாரம் மெட்ராஸில், டிராம் போன தெருக்களில் மயிலாப்பூர் வரை நடக்கப் போகிறேன். உங்கள் வீட்டில் டிராமில் போன தாத்தா, பாட்டி இருந்தால், எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், டிரைவர் எப்படி நின்றார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

(தொடரும்)