கிழக்கிலிருந்து வரும் ஆறு

பொள்ளாச்சியில் பஸ் ஏறி மீனாட்சிபுரம் வந்தால் கேரளம். எல்லை தாண்டியது சட்டென்று தெரியாது. கடைப் பலகையில் எழுத்து மாறும், தென்னந்தோப்பு மாறாது. டீக்கடை பெஞ்சில் கொங்குத் தமிழ்தான் ஓடிக்கொண்டிருக்கும். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் செம்மண்ணைக்கூட இங்கே தேடத்தான் வேண்டும். சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் பல இடங்களில் கரிசல். மழை பெய்த மறுநாள் வரப்பில் நடந்து பாருங்கள், செருப்போடு அரைப்படி மண் கூடவே வரும். ஆனால் அந்த மழைதான் அரிது. பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்று வீசும் பக்கம் இது.

இங்கேதான் இருக்கிறது பெருமாட்டி ஊராட்சி. பெரிய கோபுரமோ கோட்டையோ கிடையாது. ஊர்ப்பெயர்களைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். வண்டித்தாவளம் என்றால் வண்டிகள் இளைப்பாறும் இடம். கிழக்கே பொள்ளாச்சிச் சந்தைக்கும் மேற்கே பாலக்காட்டுக்கும் போன மாட்டுவண்டிகளை அந்தப் பெயர் இன்னும் நிறுத்தி வைத்திருக்கிறது. மூலத்தரை, கம்பாலத்தரை, கன்னிமாரி, பிளாச்சிமடை. கடைசிப் பெயரைத் தமிழ்க் காது 'மடை' என்றுதான் கேட்கும். தண்ணீர் திறக்கும் வாய்.

தண்ணீர்தான் இந்த வட்டாரத்தின் கதை. ஆனைமலையில் பிறந்து, ஆழியாற்றையும் பாலாற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு, எல்லை கடந்ததும் சித்தூர்ப்புழை ஆகிறது. பிறகு கண்ணாடிப்புழை என்ற பெயரோடு பாரதப்புழையில் கலக்கிறது. மூலத்தரையில் அதை மறித்து இரண்டு கரைக்கும் வாய்க்கால் பிரிக்கிறார்கள். எவ்வளவு பிரிக்கலாம் என்பது மேலே திறந்துவிடுவதைப் பொறுத்தது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அளந்து கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு இரண்டு அரசாங்கங்களின் கோப்புகளில் மட்டும் இருப்பதில்லை. தென்னைக்கு நீர் பாய்ச்சும் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆற்றோடு மேற்கே போனால் சித்தூர். பழைய கொச்சி சமஸ்தானத்தின் எல்லைக் காவல் ஊர். சுற்றிலும் வெள்ளைக்காரன் ஆண்ட மலபாரும் கோயம்புத்தூர் ஜில்லாவும் இருக்க, சித்தூர் மட்டும் தனித்துண்டாகக் கொச்சி ராஜாவுக்குக் கீழ் இருந்தது. இங்கே ஆற்றுக்கு இன்னொரு பெயர்: சோகநாசினி. துயரைப் போக்குகிறவள். அந்தப் பெயரை வைத்தவர் துஞ்சத்து எழுத்தச்சன் என்பது ஊர் வழக்கு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் அவர், திரூர்ப் பக்கம் பிறந்து, கடைசிக் காலத்தில் இந்தக் கரைக்கு வந்து மடம் அமைத்தார் என்கிறார்கள். தெக்கே கிராமத்தில் அவருடைய குருமடம் இருக்கிறது. பக்கத்திலேயே தமிழ் பேசும் அந்தணர்களின் அக்கிரகாரம். மலையாளத்துக்கு எழுத்தறிவித்தவர் கண்மூடிய இடத்தில், வாசல் கோலத்தைத் தாண்டி வருகிற பேச்சு தமிழ்.

இதே கரையில் 1947இல் தொடங்கிய அரசுக் கல்லூரியில் தமிழுக்குத் தனித் துறை உண்டு. 'மிஸ்ஸியம்மா'வில் பாடி நம் காதில் தங்கிவிட்ட பி. லீலா 1934இல் பிறந்ததும் சித்தூரில்தான்.

இவ்வளவு தமிழ் கலந்த ஊரின் பெரிய திருவிழா, தமிழ்ப் படையைத் தோற்கடித்த திருவிழா. பெயரே கொங்கன்படை. கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்த அரசனைச் சித்தூர்ப் பகவதியே எதிர்நின்று வென்றாள் என்பது ஐதிகம். மாசியில் அந்தப் போர் மறுபடி நடக்கிறது. போர் அறிவிக்கும் ஓலையை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறார்கள். குதிரை வருகிறது, பறை முழங்குகிறது, கொங்கன் தோற்கிறான். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் கொங்குத் தமிழ் வீட்டுக்காரர்களும் உண்டு. தோற்றது தங்கள் பாட்டன் என்று யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை.

நிஜமான படையெடுப்பு வேறு மாதிரி வந்தது. 2000இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை திறந்தது. அதே ஆண்டு தென் அமெரிக்காவில், பொலிவியாவின் கோச்சபாம்பா நகரத்து மக்கள் தண்ணீர் வழங்கல் தனியார் கைக்குப் போனதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். இங்கே அதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. கிணற்று நீர் இறங்கியது. இருந்ததும் கடுத்துப்போய்ச் சமையலுக்கு ஆகவில்லை. முதலில் உணர்ந்தவர்கள், குடம் தூக்குகிற எரவாளர், மலசர் பழங்குடிப் பெண்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். எரவாளர் குடியில் வந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமானார். பெருமாட்டி என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று அகராதி பார்க்க வேண்டியதில்லை.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. உலகக் கம்பெனி ஒன்றுக்கு எதிராக ஒரு பஞ்சாயத்து கோர்ட் ஏறியது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்று அந்த டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகச் சொன்னது. ஆனால் 2004 மார்ச்சிலேயே நின்ற ஆலை பிறகு பழையபடி ஓடவில்லை. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார். இழப்பு 216 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு 2010இல் கணக்கிட்டது. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா டெல்லிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. பந்தல் போட்டவர்கள் கைக்கு அந்தப் பணம் வரவில்லை.

இப்போது போனால் சத்தமில்லாத ஊர். காலையிலும் மாலையிலும் தென்னையில் கள் இறக்குகிறார்கள். கேரளத்துக் கள்ளுக்கடைகள் பலவற்றுக்குச் சரக்கு இந்தத் தாலுகாத் தோப்புகளிலிருந்துதான் போகிறது. வாய்க்கால் மேட்டில் இருவர் சந்தித்தால் சாப்பிட்டாச்சா என்பதற்கு அடுத்த கேள்வி, "ஆழியாத்துல தண்ணி விட்டாங்களா?" என்பதுதான்.

சித்தூரில் வருஷா வருஷம் கொங்கனை விரட்டி அடிக்கிறார்கள். விடிந்ததும் அவன் வந்த திசையைப் பார்த்துத்தான் வாய்க்கால் காத்திருக்கிறது.