அறுந்த இழையும் கூலிக் கணக்கும்

நெசவாளி என்றால் நெய்கிறவர் என்று பாடப்புத்தகம் சொல்லுகிறது. நற்பிட்டிமுனையில் தறியுள்ள வீட்டிலே வளர்ந்த எங்களைக் கேட்டால், பாதி நாள் நெய்கிறவர், பாதி நாள் திருத்துகிறவர் என்றே கூறுவோம். அறுந்ததை முடிவது, பிழைத்ததைப் பிரிப்பது, சிக்கியதை விடுவிப்பது என்று கழியும் வேளை மிக நீண்டது. அந்த வேளைக்கு எந்த முதலாளியும் எங்களுக்குக் கூலி தந்ததில்லை.

கைத்தறிக்குப் பெயர்போனது எங்கள் அயலூராகிய மருதமுனை. கல்முனைப் பக்கம் வருகின்றவர்கள் அங்கே சாரமோ சேலையோ வாங்கிச் செல்வதுண்டு. மடித்து வைத்த சாரத்தைத் தடவிப் பார்ப்பவர், அதில் எத்தனை இழை என்று எண்ணுவதில்லை. நாங்கள் எண்ணியிருக்கிறோம். 48 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 60 பாவிழை வீதம் வைத்தால் 2,880 இழை. ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணூடும் அச்சின் பல்லூடும் கோக்கப்படவேண்டும். நீளம் 2 யார். அங்குலத்துக்கு 56 ஊடை விழுந்தால், ஒரு சாரத்துக்கு ஓடம் 4,032 தடவை குறுக்கே ஓடவேண்டும்.

இத்தனையில் ஓர் இழை அறுந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தறியை நிறுத்தாவிட்டால், அந்த ஓரிழை இல்லாத இடம் துணியின் நீளம் முழுவதும் கோடாக விழும். ஆகவே தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, துண்டிழை ஒன்றை முடிந்து, விழுதினூடும் அச்சினூடும் மீண்டும் இழுக்கவேண்டும். முடிச்சுப் பெரிதானால் அச்சிலே தட்டுண்டு மறுபடியும் அறும். கட்டத்தின் நிறம் மாறியதை நாலு விரல் நெய்தபின் கண்டாலோ, ஊடையை வெட்டி ஒவ்வொன்றாக உருவவேண்டும். உருவிய நூல் பெரும்பாலும் குப்பைக்கே. "அவதிப்பட்டு இழுக்காத மகள், பாவும் சேர்ந்து அறும்" என்பது உம்மா ஓயாமல் சொன்ன சொல்.

காற்றும் எங்கள் கணக்கிலே கைவைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் பஞ்சு நூல் ஈரம் வற்றி உரம் இழக்கும், தொட்டால் அறும். மாரியிலே கஞ்சி போட்ட பாவு நாட்கணக்கில் காயாது கிடக்கும். வாப்பா தறியிலே இருப்பார். தார் சுற்றுவதும் சிக்கெடுப்பதும் உம்மாவுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்த எங்களுக்கும் உரிய வேலை. அது வேலை என்று அந்நாளில் எங்களுக்கே தோன்றியதில்லை. சாரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, எத்தனை கை பட்டாலும் ஒரு கூலிதான்.

இனி நூற்கணக்கு. 840 யார் கொண்டது ஒரு கழி. ஓர் இறாத்தலில் 40 கழி அடங்கினால் அது 40 ஆம் இலக்க நூல். அந்நூலில் இரண்டிழையை ஒன்றாய் முறுக்கினால் இறாத்தலுக்கு 20 கழி, அதாவது 16,800 யார். மேற்சொன்ன சாரத்தை அத்தகைய நூலால் நெய்தால், பாவும் ஊடையுமாக 11,000 யாருக்குச் சற்று மேல் செல்லும். நிறையிலே மூன்றில் இரண்டு பங்கு இறாத்தல். இக்கணக்கு முதலாளிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். நூலை நிறுத்துக் கொடுத்து, சாரத்தை நிறுத்து வாங்குகிறவர் அவர். அறுந்தது, உருவியது, பாவின் கடைசியில் நெய்யமுடியாமல் எஞ்சுவது ஆகியவை மட்டும் அவர் கணக்கில் வருவதில்லை. நிறை குறைந்தால் கூலியிலே பிடிப்பார். அதற்காக உம்மா கழிவு நூலையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னிலே சேர்த்து வைப்பார். வாப்பா அதனைச் சாரத்தோடு கொண்டுபோய், "இதையும் நிறுங்க முதலாளி" என்பார். சிலவேளை நிறுப்பார். சிலவேளை, "குப்பைக்கும் கூலியா?" என்று சிரிப்பார்.

ஜெர்மானிய நாடகாசிரியர் ஹௌப்ட்மன், 1844 இல் கிளர்ந்தெழுந்த சைலீசிய நெசவாளரைப் பற்றி 1892 இல் 'நெசவாளர்' என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதன் முதல் அங்கம் முதலாளி வீட்டிலே துணி ஒப்படைக்கும் காட்சி. கணக்கன் துணியிலே குற்றம் கண்டுபிடித்துக் கூலியைக் குறைக்கிறான். வாசித்தபோது, ஆளின் பெயரைத் தவிர வேறொன்றும் எங்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. தமிழிலே இம்மக்களின் பாட்டை நாவலாக்கியவர் தொ. மு. சி. ரகுநாதன்; 'பஞ்சும் பசியும்' 1953 இல் வெளிவந்தது.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் கைத்தறிக்கு வாழ்வு வந்தது. 1977 இன் பின் கதவு திறந்தது. மலிந்த அந்நியத் துணி வந்து குவிந்தது. பல தறிகள் கழற்றப்பட்டன. கதவை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நாங்கள் நம்பவில்லை. அடைத்த நாளிலும் நூல் நெசவாளியின் கைக்கு முதலாளியின் தராசைக் கடந்தே வந்தது.

2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. நூலும் சாயமும் டொலருக்கு வருபவை. அந்த மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, கைத்தறிக்கு அது வேண்டியதில்லையே என்று எங்களை வாழ்த்தியவர்களும் உண்டு. கடனுக்கு நூல் கொடுத்த கடைகள் காசை முதலில் வை என்றன. பாவு ஏற்றாத தறி விளக்கு எரிந்தாலும் ஓடாது.

இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லலாம். தறியுள்ள ஊரிலே நீங்கள் படிப்பித்தால், மாணவருக்கு இதனைக் கணக்காகக் கொடுங்கள்: தறி நாளுக்கு எத்தனை தடவை நிற்கிறது, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம், அந்நேரத்தையும் சேர்த்தால் மணிக்குக் கூலி எவ்வளவு? ஒரு கொப்பியும் மணிக்கூடும் போதும். தார் சுற்றுகின்ற பிள்ளையின் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். அப்பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும்.