அகிஹபாரா: காது கொடுத்துக் கேட்டு வாங்கும் கடைத்தெரு!

டோக்கியோ ரயில் நிலையத்தில், பச்சைப் பட்டை போட்ட யமனோட்டே ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் அகிஹபாரா. நாலே நிமிடப் பயணம். 'எலெக்ட்ரிக் டவுன்' வாசல் வழியாக வெளியே வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது, கட்டட உயரத்துக்குத் தொங்கும் கார்ட்டூன் பேனர்கள்தான். ஆனால், இந்த இடத்தின் வேர் கார்ட்டூனில் இல்லை, ரேடியோவில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இங்கே நடைபாதையில் வால்வுகளும் ரேடியோ பாகங்களும் குவித்து விற்கப்பட்டன. பக்கத்திலிருந்த மின்னியல் கல்லூரியின் மாணவர்கள் அவற்றை வாங்கி, ரேடியோ செய்து விற்றுப் படிப்புச் செலவைச் சமாளித்தார்கள். 1949-ல் தெருக்கடைகளை அகற்றும்படி உத்தரவு வந்தபோது, வியாபாரிகள் ரயில் பாலத்துக்குக் கீழே குடியேறினார்கள். அப்படி உருவான 'ரேடியோ சென்டர்' என்ற குறுகலான சந்தில், ஒரு ஆள் உட்காருமளவு கடைகளில் வயரும் ஸ்விட்சும் விற்கிறார்கள். தலைக்கு மேலே ரயில் தடதடக்கிறது.

அந்த ரேடியோ மோகத்தின் பேரப்பிள்ளைதான், இன்று இந்தத் தெருவில் கூட்டம் சேர்க்கும் ஹெட்போன் கடைகள். அவற்றின் ஒரு மூலையில், தீப்பெட்டி அளவிலிருந்து டிபன் பாக்ஸ் அளவு வரை சின்னச் சின்னப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். லேப்டாப்பில் பாட்டுக் கேட்பவர்கள் தேடி வரும் 'டாக்' மற்றும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்கள் அவை.

பெட்டிக்குள் என்ன வேலை?

லேப்டாப்பில் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டாக். அந்த அலைக்குப் பலம் கொடுத்து, ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை அசைய வைப்பது ஆம்ப்ளிஃபயர். ஹெட்போன் துளை உள்ள எல்லா லேப்டாப்பிலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே, 'எந்தப் பெட்டி நல்லது' என்பதற்கு முன்னால், 'பெட்டி தேவையா' என்ற கேள்வி வருகிறது.

தேவைப்படும் சந்தர்ப்பங்கள் இரண்டு. பாட்டு ஓடாதபோதும் 'உஸ்' என்ற இரைச்சலோ, சார்ஜர் செருகியதும் ரீங்காரமோ கேட்டால், லேப்டாப்பின் உள்ளே இருக்கும் மின் சத்தம் இசையோடு கலக்கிறது என்று பொருள். வெளியே இருக்கும் டாக் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும். அடுத்தது, வால்யூமை முழுதாக வைத்தும் சத்தம் போதாமல் இருப்பது. இது ஹெட்போனைப் பொறுத்தது. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் போன்றவை 38 ஓம். எந்த லேப்டாப்பும் அவற்றைச் சுலபமாக ஓட்டும். சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனோ 300 ஓம். அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். 2021-லிருந்து வரும் 14, 16 அங்குல மேக்புக் ப்ரோக்கள், இத்தகைய ஹெட்போன்களையும் தாங்களே ஓட்டும்படி வடிவமைக்கப்பட்டவை.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கோ இந்தப் பெட்டியே வேண்டாம். டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் அந்த ஹெட்போனுக்குள்ளேயே அடக்கம்.

கேட்டுப் பார்த்துதான் வாங்குகிறார்கள்

அகிஹபாராவின் பலமே இதுதான். 'இ-இயர்போன்' போன்ற கடைகளில், புதியதோடு பழைய சரக்கையும் காட்சிக்கு வைத்து, காதில் மாட்டிக் கேட்க விடுகிறார்கள். வாடிக்கையாளர்கள் சொந்த ஹெட்போனையும் போனையும் கொண்டுவந்து, வீட்டில் கேட்கும் அதே பாட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். லேப்டாப்போடு வருபவர்கள், ஊழியரைப் பார்த்து 'சுமிமாசென்' என்று ஒரு வார்த்தை சொல்லி, அனுமதி கேட்டுவிட்டுச் செருகுவது மரியாதை.

இங்கே ஏமாறாமல் இருக்க ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு பெட்டிகளில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுவே 'தெளிவாக இருக்கிறது' என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே, இரண்டின் வால்யூமையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். அப்படிக் கேட்டால், விலையில் பத்து மடங்கு வித்தியாசமுள்ள பெட்டிகளுக்கு இடையே பலருக்கு வேறுபாடே பிடிபடுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கும் சின்ன ஹெட்போன் அடாப்டருக்குள் இருப்பதும் ஒரு டாக்தான். சாதாரண ஹெட்போனுக்கு அது தாராளம்.

'உள்ளே எந்த சிப்' என்று கேட்டு அலைபவர்களும் இங்கே உண்டு. 2020 அக்டோபரில், ஜப்பானின் மியாசாகி மாகாணத்திலுள்ள நொபேயோகா நகரில் அசாஹி கசேய் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்தது. டாக் சிப்களுக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. பல நிறுவனங்கள் வேறு சிப்பைப் போட்டு, சர்க்யூட்டைத் திருத்தி, அதே வரிசைப் பெட்டிகளைத் தொடர்ந்து விற்றன. சிப்பின் பெயர் மட்டுமே ஒலியைத் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள சர்க்யூட்டும், மின்சாரம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம்.

100 வோல்ட் எச்சரிக்கை

இந்தியாவிலிருந்து செல்லும் பயணிகள் தவறாமல் பார்க்க வேண்டியது, பெட்டியின் பின்பக்கம். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரிலோ 230 வோல்ட். சுவரில் நேரடியாகச் செருகும் மேஜை ஆம்ப்ளிஃபயரில் '100 வோல்ட்' என்று மட்டும் இருந்தால், இங்கே கொண்டுவந்து செருகிய மறுநொடி கருகிவிடலாம். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. '100-240' என்று இருந்தால் கவலையில்லை. லேப்டாப்பின் யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பெட்டிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வாரன்டி நம் ஊரில் செல்லுமா என்பதையும் கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை, காதுக்கானது. ஆம்ப்ளிஃபயர் தரும் கூடுதல் பலம் அத்தனையையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். இதுதான் பாதுகாப்பான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உள்காதில் செத்துப்போன மயிரிழைச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதற்கு மாற்றுப் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், அகிஹபாராவின் பிரதான சாலையான சுவோ-தோரியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் வழிவிடுகிறார்கள். இன்ஜின் சத்தம் இல்லாத அந்த நேரம், தெருவைச் சுற்றிப் பார்க்க ரொம்ப நல்ல நேரம். ஒரு மணி நேரம் நிதானமாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, 'என் லேப்டாப்பும் ஹெட்போனுமே போதும்' என்று வெறுங்கையோடு ரயில் ஏறுபவரும், அந்தக் கடைத்தெருவில் லாபம் பார்த்தவர்தான்!