அறுத்த மீனும் ஏர் பட்ட லிங்கமும்

ஆகாய கங்கை அருவியில் நனைந்துவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வந்தவன், கடைசி இருபது படி இருக்கும்போது வழுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் சிராய்ப்பு. வலியைவிட வெட்கம்தான் அதிகம். படி முடியும் இடத்தில் அன்னாசிப்பழம் அறுத்து விற்றுக்கொண்டிருந்த பாட்டி கத்தியைக் கீழே வைத்தார். பாதையோரத்தில் மூக்குத்திப்பூண்டு இலைகளைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்தார்.

“எரியும் சாமி, பொறுத்துக்க.”

எரிந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் வரப்பெல்லாம் பரவிய களை அது. வெட்டுக்காயப் பூண்டு என்று பெயர் வைத்து நம்முடையதாக்கிக்கொண்டோம்.

நொண்டிக்கொண்டே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். அந்தக் கோயிலுக்கு இரண்டு கதைகள் உண்டு; இரண்டுமே காயம் பற்றியவை. உழவர் ஒருவர் ஏர் ஓட்டியபோது மண்ணுக்குள் இருந்த லிங்கத்தில் கலப்பை பட்டு ரத்தம் பீறிட்டதாம். தலையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது என்கிறார்கள். இன்னொன்று ஆற்று மீன் கதை. அறுத்துக் குழம்பில் போட்ட மீன் துண்டுகள் ஒன்றுசேர்ந்து, உயிரோடு ஆற்றில் குதித்து நீந்தினவாம். சாமிக்கே தழும்பு, மீனுக்கு இல்லை. பிராகாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது இது ஏனோ உறுத்தியது.

உடற்கூறு தெரிந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். என் முழங்காலில் அந்நேரம் நடந்துகொண்டிருந்தது ஒரு பெரிய கூப்பாடு. தோல் கிழிந்த சில நிமிடங்களிலேயே காயத்தின் விளிம்புச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரந்து வெள்ளை அணுக்களை அழைக்கின்றன. அந்தக் காலத்தில் கட்டுப்போடும் அறையில் பழுப்பு பாட்டிலிலிருந்து ஊற்றி நுரைக்க வைப்பார்களே, அதே பொருள். காயத்தின் விளிம்பு அதைத் துளித்துளியாகச் செய்து வெள்ளை அணுக்களை அழைக்கிறது என்பது 2009இல்தான் தெரியவந்தது. அதுவும் ஒரு மீன்குஞ்சின் வாலில்.

ரத்தத் தட்டணுக்கள் கசிவை அடைக்க வருபவை என்றுதான் பள்ளியில் படித்தோம். அவை தபால் மூட்டையும் சுமந்து வருகின்றன. அடைப்பு விழுந்ததும் மூட்டை அவிழ்கிறது. பிடிஜிஎஃப் என்ற புரதம் நார்த்திசு செல்களைக் கூவி அழைக்கிறது. பின்னால் வரும் பெருவிழுங்கிச் செல்கள் அழுக்கைத் தின்றபடியே விஇஜிஎஃப் என்ற புரதத்தை வெளிவிட, புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. மேல்தோலை விளிம்பிலிருந்து நகர்த்திக் காயத்தை மூட இஜிஎஃப் உதவுகிறது. இந்தக் கடைசிப் புரதத்தின் கதை எனக்குப் பிடிக்கும். ஸ்டான்லி கோஹன் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் போட்டார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரே வாரத்தில் திறந்துகொண்டன. அந்த நூலைப் பிடித்துப் போய்த்தான் இஜிஎஃப்பைக் கண்டெடுத்தார். ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு 1986இல் நோபல் பரிசும் வந்தது. நம் எச்சிலிலும் அது இருக்கிறது. விரலில் வெட்டுப்பட்டால் சட்டென்று வாயில் வைத்துக்கொள்கிறோமே, முழு முட்டாள்தனம் இல்லை போலும். எச்சிலில் கிருமியும் இருக்கிறது என்பதால் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தழும்புக்கு முக்கியக் காரணம் டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு புரதம். நார்த்திசு செல்களைப் பார்த்து ‘கொலாஜன் போடு, சீக்கிரம் போடு’ என்று விரட்டுவது அதுதான். கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய கயிறு. அந்த முறுக்கை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டுசொன்னார்கள். அதற்குக் கை கொடுத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநாண். நல்ல தோலில் இந்தக் கயிறுகள் கூடை முடைந்தாற்போல் பின்னிக் கிடக்கும். அவசரத்தில் போட்டதோ வைக்கோல் பரப்பியதுபோல் ஒரே பக்கமாய்ப் படுத்துவிடும். தழும்பு எவ்வளவு முதிர்ந்தாலும் பழைய தோலின் வலுவில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தாண்டாது.

கூப்பாடு அடங்க வேண்டிய நேரத்தில் அடங்கவும் வேண்டும். சர்க்கரை நோயுள்ள என் அக்காவின் குதிகால் புண் நாலு மாதம் ஆறவில்லை. அப்படிப்பட்ட புண்ணில் அழற்சி ஓயாமல், அங்கே ஊறும் நொதிகள் வரும் சேதியையெல்லாம் தின்றுவிடுகின்றன. வேலையாள் வருவதற்குள் கடிதம் கரைந்துவிடும்.

இனி மீன். நம் நாட்டு ஓடைகளில் வாழும் விரல் நீள வரிக்குதிரை மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது என்று 2002இல் காட்டினார்கள். உறையவைத்துப் புண்ணாக்கினால் அந்த இதயத்திலும் முதலில் கொலாஜன் வடுதான் விழுகிறது. அங்கேயும் டிஜிஎஃப்-பீட்டாதான் பேசுகிறது. ஆனால் மீனில் அந்த வடு பிறகு கரைந்துபோய், தசை வந்து இடத்தை நிரப்புகிறது. சேதி ஒன்றுதான், கேட்கிற காது வேறு. நமக்கும் அந்தக் காது கருப்பையில் சில மாதங்கள் இருந்தது. அப்போது பட்ட காயம் தழும்பில்லாமல் ஆறும். கருவின் தோலில் கூடுதலாக இருக்கும் டிஜிஎஃப்-பீட்டா 3 என்ற வகையை மருந்தாக்கிப் பார்த்தார்கள். 2011இல் பெரிய சோதனையில் அது தோற்றது. எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு சொல்லை மட்டும் பிடுங்கிவந்து நட்டால் பேச்சு முளைத்துவிடுமா?

கோயிலிலிருந்து திரும்பி வந்து பாட்டியிடம் பழம் கேட்டேன். இலைச்சாறு காய்ந்து முழங்கால் கறுத்திருந்தது. பழத்தைச் சுழற்றிச் சீவும்போது அவரது இடது ஆள்காட்டி விரலில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. எப்போது பட்டது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“மூத்தவ வயித்துல ஏழு மாசம். சாமை அறுக்கையில.” விரலை ஒருதரம் பார்த்துக்கொண்டார். “அவளுக்கே இப்ப பேரன் இருக்கான். உப்பு மொளகாப்பொடி போடட்டுமா?”